வால்வைத் திறக்கும் முன் ஒரு ஜெபம்

டிரைவர் லாரியைப் பின்பக்கமாக ஓட்டி வந்து, பாழடைந்து கிடந்த செங்கல் சூளையின் சுவரை ஒட்டி நிறுத்தி, இன்ஜினை அணைத்தபோது சனிக்கிழமை மாலை மணி ஐந்தரை. இறங்கிக் கையுறைகளை மாட்டிக்கொண்டார். ரப்பர் குழாயின் ஒரு முனையை டேங்கின் பின்வாயில் பொருத்தி, மறுமுனையைப் புதர்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போய், கீழே ஓடும் ஓடையை நோக்கிப் போட்டார். பிறகு வழக்கம்போல வால்வின் இரும்புப் பிடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து கண்களை மூடினார்.

"ஆண்டவரே, நான் தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச எல்லாப் பாவத்தையும் மன்னிச்சிடுங்க. ஆமென்."

பிடியை இழுத்தார்.

ஏழு வருடமாக இதுதான் முறை. முதலில் ஜெபம், அப்புறம் வால்வு. ரயிலுக்கு முன்பதிவு செய்வதுபோல மன்னிப்பை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. டேங்க் காலியாகக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரமும் ஓடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, லாரியின் டயர்களைத் தட்டிப் பார்ப்பார், கண்ணாடியைத் துடைப்பார், இல்லாத கறையைத் தேடித் தேடித் துடைப்பார். தான் திறந்துவிட்டது தண்ணீரில் போய் விழுவதை இந்த ஏழு வருடத்தில் அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சத்தம் கேட்கும், அது போதும்.

வீடுகளின் கழிவறைத் தொட்டிகளை உறிஞ்சி எடுக்கும் லாரி அது. எடுத்ததை ஊருக்கு மறுகோடியில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொண்டுபோய் விட வேண்டும். போக ஒன்றரை மணி நேரம், அங்கே வரிசையில் நிற்பது எவ்வளவு நேரம் என்று கடவுளுக்குத்தான் தெரியும். சனிக்கிழமை ஐந்து மணிக்கெல்லாம் கதவைச் சாத்திவிடுவார்கள், ஞாயிறு திறப்பதே இல்லை. "முடிஞ்சா பிளாண்டுக்குக் கொண்டு போ, முடியலன்னா சூளைக்குப் போ" என்பது முதலாளி முதல் நாளே சொன்ன வாக்கு. முடியாத நாட்கள்தான் அதிகம் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இன்றைய லோடு சபையினுடையது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நான ஆராதனை, வெளியூர்களிலிருந்து உறவினர்கள் எல்லாம் வருவார்கள், சபையின் கழிவறைத் தொட்டியோ நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்கு இவர் போய் உறிஞ்சி எடுத்தார். போதகர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார், அந்த மட்டில் நல்ல மனிதர். "ஆண்டவருடைய வீட்டைச் சுத்தம் பண்றதும் ஒரு ஊழியம்தான் பிரதர்" என்றார். இவர் வழக்கம்போல "ஆமென்" என்றார்.

சபையில் இவருக்குப் பெயரே 'ஆமென்' அங்கிள்தான். பேச வராது. சாட்சி சொல்லச் சொன்னால் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, வேர்த்து விறுவிறுத்து, "ஆண்டவர் நல்லவர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஆனால் பிரசங்கத்தில் எங்கே ஆமென் சொல்ல வேண்டும் என்பது மட்டும் அவருக்கு அத்துப்படி. கடைசி வரிசையிலிருந்து அவர் சொல்லும் ஆமென் கூரையைத் தொட்டுவிட்டு வரும், சிறுபிள்ளைகள் காத்திருந்து சிரிப்பார்கள். லாரியை மட்டும் சபைப் பக்கம் கொண்டுவரவே மாட்டார். வேலை இருந்தால் பின்வாசல், இல்லையென்றால் மூன்று தெரு தள்ளி ஷெட்டில் விட்டுவிட்டு நடந்து வருவார்.

டேங்க் காலியானது. குழாயைச் சுருட்டி, முனையில் மூடியைத் திருகினார். இது கறுப்பு மூடி. லாரியோடு வந்த நீல மூடி போன கோடையில் இதே இடத்தில் கைதவறி ஓடையில் விழுந்துவிட்டது. விழுந்தது மாலை ஆறு மணிக்கு. மறுநாள் காலை ஏழு மணிக்குக் கீழே ஓடை திரும்பும் பம்ப் ஹவுஸ் வளைவு வழியாகப் போனபோது, அது அப்போதுதான் மிதந்து வந்து அங்கே கம்பித் தடுப்பில் சிக்குவதைப் பார்த்தார். எடுக்கக் கை நீட்டியவர், 'இது உங்களுடையதா' என்று யாராவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று பயந்து, பார்க்காதவர்போலப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து, வாசலிலேயே சோப்புப் போட்டுக் கைகால்களைக் கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்தார். கட்டிலின்மேல் போர்வையை மடித்துப் போட்டு, மனைவி வெள்ளை அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மகளுடைய அங்கி. பதினேழு வயதில் அவளாகவே கேட்டுக்கொண்டு, மூன்று மாதம் வகுப்புக்குப் போய், நாளைக் காலையில் ஞானஸ்நானம் எடுக்கப் போகிறாள். இந்த வீட்டில் இதைவிடப் பெரிய காரியம் எதுவும் இதுவரை நடந்ததில்லை.

"அப்பா, விஷயம் தெரியுமா? ஞானஸ்நானத் தொட்டி லீக்காம்." மகள் நோட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "மத்தியானம் நிரப்பின தண்ணி சாயங்காலத்துக்குள்ள பாதி காணோம். அதனால நாளைக்கு ஓடையிலதான் எடுக்கிறோம். பாஸ்டர் சொன்னார், ஆரம்பத்துல எல்லாரும் ஆத்துலதானே எடுத்தாங்கன்னு. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

"ஓடையில எங்க?"

"பம்ப் ஹவுஸ் வளைவுல. அங்கதான் இடுப்பளவு இருக்கும். காலையில ஏழு மணிக்கு."

அவர் கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கணக்கை நீல மூடி ஏற்கெனவே போட்டுக் காட்டிவிட்டது. இவர் ஐந்தரைக்குத் திறந்தார், ஏழு மணிக்கு வளைவில் மகளோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் கண்ணை மூடி மூக்கைப் பிடித்துக்கொண்டு தலை முழுக மூழ்கி எழப் போகிறார்கள். தண்ணீர் எப்போதும்போலத்தான் தெரியும். ஓடை அகலமானது, ஒரு லோடு அதில் கரைந்துபோகும், யாருக்கும் எதுவும் தெரியாது. இவருக்குத் தெரியும்.

"தண்ணி ரொம்பக் குளிரா இருக்குமேம்மா. அடுத்த மாசம் தொட்டி சரியானதும் எடுத்துக்கலாமே."

"குளிருக்குப் பயந்து யாராவது ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடுவாங்களாப்பா?" அவள் சிரித்தாள். பிறகு நோட்டைத் திருப்பிக் காட்டினாள். "கடைசி வகுப்புல பாஸ்டர் ஒண்ணு சொன்னார். பொத்தாம் பொதுவா 'என் பாவமெல்லாம் மன்னிச்சிடுங்க'ன்னு கேட்டா அது மன்னிப்புக் கேக்கிறதே இல்லையாம். பேர் சொல்லிக் கேக்கணுமாம். நான் எழுதி வச்சிருக்கேன், இருபத்திரண்டு வந்திருக்கு. சாக்லேட் திருடினது வரைக்கும்."

அவர் ஆமென் சொல்லவில்லை. மறுபடியும் வாசலுக்குப் போய்க் கைகளைக் கழுவினார். மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைகளைத் துடைத்தவர் அப்படியே தெருமுனைக்கு நடந்துபோய் முதலாளிக்கு ஃபோன் செய்தார். லாரியின் முதலாளிதான் சபையின் செயலாளரும். சபை விஷயமென்றால் இவரை 'பிரதர்' என்பார், வாங்க போங்க என்று பேசுவார். லாரி விஷயமென்றால் 'ஏம்பா' என்பார். எந்த நேரத்தில் எந்த வேடம் என்பது இவருக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும்.

"சொல்லுங்க பிரதர். பொண்ணு ரெடியா?"

"சார், இன்னைக்கு லோடை சூளையிலதான் திறந்தேன்."

"சரி, அதுக்கென்னப்பா இப்ப?"

"நாளைக்கு வளைவுலதான் ஞானஸ்நானமாம் சார். ராத்திரி பூரா ஓடிக் காலையில அங்க வந்திரும்."

"ஓடுற தண்ணிப்பா. அதுபாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். இத்தனை வருஷம் யாருக்கு என்ன ஆச்சு?" நாளைக்கு மூழ்கப்போகும் பன்னிரண்டு பேரில் செயலாளரின் மகனும் ஒருவன். அது அவருக்கு இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். குரல் இறங்கியது. "நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. நான் பாத்துக்கிறேன்."

அந்த இரண்டு வார்த்தையில் இவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் பார்த்துக்கொள்வார். போதகரிடம் ஏதாவது சொல்லித் தள்ளிப்போடுவார், அவருக்கா சொல்லத் தெரியாது. பேசத் தெரிந்தவரிடம் பேச்சை ஒப்படைத்த நிம்மதியில் இவர் அன்று நன்றாகத் தூங்கினார். அப்படித் தூங்கியதற்காகப் பிறகு பலநாள் வெட்கப்பட்டார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சபையின் வேன் வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. எதுவும் தள்ளிப்போகவில்லை. மகள் அங்கியைப் பையில் வைத்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினாள். வேனிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு அம்மா இவர் மனைவியிடம் சொன்னாள்: "செயலாளர் பையனுக்குத் திடீர்னு காய்ச்சலாம். பாவம், அவன் மட்டும் அடுத்த தடவை எடுப்பானாம். இப்பப் பதினொரு பேர்தான்."

'பாத்துக்கிறேன்' என்றதன் அர்த்தம் அப்போதுதான் இவருக்குப் புரிந்தது. வேன் கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது, இன்னும் ஒருவர் வர வேண்டும். மனைவியைச் சமையலறைக்குள் இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னார். அவருக்கு இத்தனை வார்த்தைகள் ஒரே மூச்சில் வந்ததை அவள் பார்த்ததே இல்லை. கேட்டு முடித்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நேத்தே ஏங்க சொல்லல?"

அவர் ஜன்னல் வழியாக வேனை எட்டிப் பார்த்தார்.

"நம்ம பொண்ணை இறக்கிடுங்க. வயிறு சரியில்லன்னு நான் சொல்லிக்கிறேன். செயலாளரே தன் பையனை நிறுத்திட்டாரு, நாம நிறுத்தினா மட்டும் தப்பா?"

"மத்தவங்க?"

"மத்தவங்களைப் பத்தி நாம என்னங்க பண்ண முடியும்? வேலை போயிடும். அப்புறம் சபையில யாராவது உங்க மூஞ்சில முழிப்பாங்களா?" சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. மற்றப் பத்துப் பேரையும் அவளுக்குத் தெரியும். அதில் ஒருத்தி ஐந்து மாதக் கர்ப்பிணி, அவளுடைய அங்கியையும் நேற்று இவள்தான் இடுப்பில் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள்.

"நீ அவகூடப் போ. தண்ணில யாரையும் காலை வைக்க விடாத. ஏதாவது சொல்லி நேரத்தைக் கடத்து. நான் வரேன்."

"எங்க போறீங்க?"

அவர் அதற்குள் ஷெட்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார். நேரே வளைவுக்கே போயிருக்கலாம். ஆனால் தன் நாக்கை அவருக்குத் தெரியும். அத்தனை பேர் முன்னால் நின்றால் அது மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், 'ஆண்டவர் நல்லவர்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். லாரி அப்படியில்லை. லாரியை எங்கே நிறுத்தினாலும் எதற்கு வந்திருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் ஆற அமரப் போய்க்கொண்டிருந்தது. ஆறு ஐம்பது. ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு ஜெபிக்கப் பார்த்தார். 'தெரிஞ்சும் தெரியாமலும்' என்று பழக்கத்தில் தொடங்கி, நிறுத்திவிட்டார். தெரியாமல் என்று சொல்ல என்ன இருக்கிறது? ரயிலின் கடைசிப் பெட்டி போகும்வரை வாயைத் திறக்கவில்லை.

வளைவுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு தாண்டிவிட்டது. கரையில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். பாட்டு நடந்துகொண்டிருந்தது, மனைவிதான் இன்னொரு பாட்டு, இன்னொரு பாட்டு என்று இழுத்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. போதகர் அங்கியோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். பதினொரு பேர் வெள்ளையில் வரிசையாக நின்றார்கள், முதலாவதாக நின்றவள் இவர் மகள். ஒரு காலைத் தண்ணீரில் வைத்திருந்தாள். கொஞ்சம் கீழே தள்ளி, எப்போதும் அங்கே தண்ணீர் எடுக்கும் பெண் ஒருத்தி இரண்டு பிளாஸ்டிக் கேன்களோடு குந்தியிருந்தாள். சபைக்காரர்கள் அவளைக் கொஞ்சம் தள்ளிப்போகச் சொல்லியிருந்தார்கள். அவளுடைய சின்னக் குழந்தை பக்கத்தில் கரை மணலில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தது.

லாரி உறுமிக்கொண்டு வந்து நின்றதும் பாட்டு பாதியில் நின்றது. இறங்கினார். எல்லாருடைய தலையும் திரும்பியது. யாரோ மூக்கைச் சுளித்தார்கள்.

"என்ன பிரதர், வண்டியோட?" என்றார் போதகர் தண்ணீரிலிருந்து.

இவர் வாயைத் திறந்தார். தான் பயந்தபடியே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. செயலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாக வந்து, தோளில் கைபோட்டுக் காதருகில் சிரித்த முகத்தோடே பேசினார். "உன் பொண்ணுக்கும் தலைவலின்னு சொல்லிடுவோம். நான் பாஸ்டர்கிட்ட பேசுறேன். வண்டியை எடுத்துட்டுப் போ. இதை நான் மறக்கமாட்டேன்." பிறகு உரக்க, "பிரதர் பொண்ணைப் பாக்க ஓடி வந்திருக்கார், அவசரத்துல வண்டியோடவே வந்துட்டார்" என்றார். சிலர் சிரித்தார்கள்.

சொல்லப்போனால் இவர் தலை அசையவே தொடங்கிவிட்டது. ஒரு தலையசைப்புப் போதும், மகள் தப்பித்துவிடுவாள், வேலையும் தப்பித்துவிடும். அப்போதுதான் அந்தச் சின்னக் குழந்தை கண்ணில் பட்டது. அது ஓடையில் எதையோ முக்கி முக்கி மணலில் ஊற்றிக்கொண்டிருந்தது. பிறகு இரண்டு கையாலும் அதைத் தூக்கி, உதட்டில் வைத்துத் தண்ணீர் குடித்தது. நீல மூடி. ஓரத்தில் இவர் ஸ்பேனரால் நெம்பிய வெட்டு அப்படியே இருந்தது. ஒரு வருடமாக அது அந்தக் குழந்தையின் கிண்ணமாக இருந்திருக்கிறது.

தோளிலிருந்த கையை எடுத்துவிட்டார்.

"பாஸ்டர், வெளிய வந்துடுங்க." அவர் ஆமென் சொல்லும் அதே குரல், கரையின் மறுபக்கம்வரை கேட்டது. "இந்தத் தண்ணி வேண்டாம். நேத்து சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல சூளைக்குப் பின்னாடி வால்வைத் திறந்துவிட்டேன். நான்தான் திறந்தேன். நம்ம சபைத் தொட்டியில எடுத்தது."

போதகர் தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீரைக் குனிந்து பார்த்தார்.

"நம்ம தொட்டியா?"

"ஆமா பாஸ்டர். மூணு மணிக்கு எடுத்தது."

மூன்று மணிக்குப் பக்கத்திலேயே நின்றது போதகருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். எடுத்ததை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று தான் கேட்கவில்லை என்பதும் வந்திருக்கும். கையிலிருந்த துண்டு நழுவித் தண்ணீரில் விழுந்து, அவரைச் சுற்றிக்கொண்டு கீழே போனது. கர்ப்பிணிப் பெண்ணை யாரோ கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். "என்னய்யா சொல்றான் இவன்?" என்று ஒரு குரல். செயலாளர் கூட்டத்துக்குள் போய்விட்டிருந்தார். மகள் தண்ணீரிலிருந்து காலை எடுக்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவரால் படிக்க முடியவில்லை. மனைவி போய் அவள் கையைப் பிடித்தாள்.

அந்தச் சலசலப்புக்கு நடுவே, கீழேயிருந்து தண்ணீர் எடுக்கும் பெண் எழுந்து நின்றாள். அவள் சபையைச் சேர்ந்தவளும் இல்லை, அங்கே யாருக்கும் தெரிந்தவளும் இல்லை. நிரம்பிய கேன் ஒன்று அவள் இடுப்பில் இருந்தது.

"நேத்து மட்டுந்தானா?" என்று கேட்டாள்.

அவளை அப்போதுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் தலைகுனியவில்லை, கண்ணையும் மூடவில்லை.

"இல்லம்மா. ஏழு வருஷமா."

அவள் திரும்பி மணலில் உட்கார்ந்திருந்த தன் குழந்தையைப் பார்த்தாள். பிறகு இரண்டு கேன்களோடும் கரையேறி, வெள்ளை அங்கி வரிசைக்குப் பின்னால் வந்து நின்று, இடுப்பிலிருந்த கேனை இறக்கி, மூடியைத் திருகி, மெதுவாகச் சாய்த்தாள். தண்ணீர் கரை மணலை அறுத்துக்கொண்டு, வெள்ளை அங்கிகளின் ஓரத்தை நனைத்து, வரிசையாக நின்ற வெறுங்கால்களுக்கு நடுவே வழிதேடி ஓடைக்கே திரும்பிப் போனது. இரண்டாவது கேனையும் எடுத்தாள். அம்மா செய்வதைப் பார்த்த குழந்தைக்கு அது புது விளையாட்டாகத் தோன்றியிருக்க வேண்டும், தானும் எழுந்து பக்கத்தில் வந்து நின்று, நீல மூடியைக் கவிழ்த்தது.